தீவுக்குப் போன ஆஸ்டின்

இரண்டு தோணிகளை இணைத்துக் கட்டி, பழைய ஆஸ்டின் காரை வெளிச்சவீட்டுத் தீவில் கொண்டுவந்து இறக்கிய ஆதம்பாவாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“முன்னுக்குப் போனாலும் தண்ணி, பின்னுக்குப் போனாலும் தண்ணி. இதுக்குள்ள எங்க ஐயா கார் ஓடப்போறீங்க?”

“வேடிக்கை பார்க்க ஆளில்லாத இடம் வேற எங்க காக்கா இருக்கு?” என்று தோணிக்கார அண்ணனைத் திருப்பிக் கேட்டார் வெளிச்சவீட்டுக் காவலர் வன்னியசிங்கம்.

இந்த வயதில் கார் பழக மனுசனுக்கு வெட்கம் போலும் என்று ஆதம்பாவா நினைத்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து அதே தோணிகளில் கார் கரைக்குத் திரும்பியது. வன்னியசிங்கம் ஏறி, பின் இருக்கையில் சாவகாசமாக அமர்ந்தார்.

“சுக்கானை விட்டுட்டுப் பின்னால இருந்தா கார் ஓடுமா ஐயா?”

வன்னியசிங்கத்தின் மனைவி நேசம்மா, தன் மருத்துவிச்சிப் பெட்டியை அவர் மடியில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் ஏறினார்.

“கொஞ்சம் விலகி நில்லுங்க காக்கா. இவ்வளவு தூரம் முன்னுக்கு நான் இன்னும் ஓடிப் பார்க்கல்ல.”