காலுக்கு ஓய்வு

"இந்தக் கால் சரியாகற வரைக்கும் என் மருமக என் பக்கத்துலயே இருக்கணும். வேற எந்த வேலைக்கும் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது, சொல்லிட்டேன்."

கட்டிலில் சாய்ந்தபடி கறாராகச் சொன்னாள் மாமியார். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை வெள்ளைக் கட்டு. காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். மற்றவர்கள் எழுந்து வந்தபோது கட்டுப் போட்டே முடித்திருந்தாள்.

"எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்மா" என்றான் மகன்.

"ஆயுசுல பாதி ஆஸ்பத்திரியில நர்ஸா ஓட்டினவ நான். எத்தனை காலைப் பார்த்திருப்பேன்? எலும்பு முறியல, சவ்வுதான் கிழிஞ்சிருக்கு. மூணு வாரம் காலை ஊன்றக் கூடாது. அவ்வளவுதான்."

சுவரில் சாய்ந்து நின்ற மருமகள் தன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு இரண்டு வருடமாக உடம்பெல்லாம் வலி. இன்று தோள், நாளை இடுப்பு. சட்டை உரசினால்கூட எரியும். நன்றாகத் தூங்கினாலும் மூட்டை தூக்கியவள் மாதிரி எழுந்திருப்பாள். ரத்தம், ஸ்கேன் எல்லாமே சுத்தம். கடைசியாகப் பார்த்த டாக்டர்தான் 'ஃபைப்ரோமயால்ஜியா' என்று பெயர் சொன்னார். "சோதனையில தெரியாது, ஆனா வலி நிஜம். உடம்பை வருத்தாம, நடுநடுவே ஓய்வெடுத்து வேலை செய்யுங்க" என்றார்.

வீட்டில் வந்து சொன்னதும் நாத்தனார் சிரித்தாள். "பேரே வாயில நுழையல அண்ணி, அது எப்படி உங்க உடம்புல நுழைஞ்சுது?"

கணவனும், "எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்னுதானே வந்திருக்கு. மனசைத் திடமா வச்சுக்க" என்றதோடு சரி. போன வாரம் கை மரத்துப்போய்ப் பாத்திரத்தைக் கீழே போட்டபோது, "வேலை செய்யாம இருக்க இது ஒரு சாக்கு" என்று மாமனார் முணுமுணுத்தார். மாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸாக இருந்தவளே நம்பவில்லை என்றால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது வீடே தலைகீழாகிவிட்டது. கணவன் துடைப்பத்தை எடுத்தான். உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாத மாமனார் காய் நறுக்க உட்கார்ந்தார். அடுத்த தெருவிலிருந்த நாத்தனார் மூன்று வாரச் சமையலையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பையோடு வந்துவிட்டாள். அந்தக் காலுக்கு ஒருவரும் ரிப்போர்ட் கேட்கவில்லை.

"அம்மா எவ்வளவு வலியைப் பொறுத்துக்கறாங்க பாருங்க. முகத்துல காட்டிக்கவே இல்ல" என்றாள் நாத்தனார். சமையலறைக்குப் போகத் திரும்பியவள் மருமகளைப் பார்த்து, "நல்லா கவனிச்சுக்கங்க அண்ணி. உங்க வலியைக் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வைங்க" என்றாள்.

"எல்லாரும் வெளிய போங்க. நான் கூப்பிடாம யாரும் உள்ள வரக் கூடாது" என்றாள் மாமியார். "நீ போய் வெந்நீர்ப் பையை எடுத்துட்டு வந்து கதவைத் தாழ் போடு."

மருமகள் பையோடு வந்து தாழிட்டாள். தாங்கிப் பிடித்து எழுப்ப வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், கால் அமுக்க வேண்டும். சொந்தக் கையையே தூக்க முடியாதபோது இதையெல்லாம் எப்படிச் செய்யப்போகிறோம் என்று நினைத்தபோது கண் கலங்கியது. மறுத்தால், காலில் அடிபட்டவளிடம்கூட ஈரமில்லாதவள் என்று பேர் வரும்.

"அத்தை, காலைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கட்டுமா?"

குனிந்தாள். தோளிலிருந்து முதுகுவரை சுளீரென்று இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"விடும்மா, தொடாதே."

மாமியார் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி எழுந்தாள். நேராக நடந்து போய்த் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். திரும்பி வந்து மருமகளைக் கட்டிலில் படுக்க வைத்து, வெந்நீர்ப் பையை அவள் தோளுக்கடியில் கொடுத்தாள்.

"தூங்கு. சாயங்காலம் ரெண்டு பேரும் ரூமுக்குள்ளயே மெதுவா நடப்போம்."

"அத்தை... உங்க கால்?"

"அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு." மாமியார் போர்வையை இழுத்துவிட்டாள். "உன் வலிக்கு எங்க கட்டுப் போடறதுன்னு தெரியலம்மா. அதான் என் கால்ல போட்டுக்கிட்டேன்."