கால் மணி நேரம்

“வீட்டை மகனுக்கு எழுதிக் குடுங்க. ஆனா அவர் உங்களுக்கு என்னென்ன செய்யணும்னு பத்திரத்திலேயே போட்டுடுங்க. செய்யலைன்னா வீடு திரும்ப உங்களுக்கே” என்றார், சட்டக் கல்லூரியில் மூத்தோர் பாதுகாப்புச் சட்டம் பாடம் நடத்தும் பேராசிரியை வேதநாயகி. வெல்ல மண்டி ரத்தினவேலு உடனே மகன் கதிரேசனிடம் பேரத்தை ஆரம்பித்தார்.

“தினம் மூணு காப்பி.”

“ரெண்டுப்பா. சர்க்கரை ஏறிக் கிடக்கு.”

“சரி. ஒரு மணி நேரம் எங்கூடப் பேசணும்.”

“அரை மணி.”

“கால் மணி போதும்டா. ஆனா போனைக் கீழே வெச்சிட்டு.”

வேதநாயகி அதையும் பத்திரத்தில் எழுதினார். கதிரேசன் கையெழுத்துப் போடத் திறந்த பேனாவை மூடினான். “மேடம், முத்திரைக் கட்டணம் மொத்தமும் நானே கட்டிடறேன். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடலாமா?”

வேதநாயகி பதில் சொல்வதற்குள் கதிரேசன் சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் கை பாதி தூரம் போய் நின்றது. ரத்தினவேலு பத்திரத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.