விருந்தாளிப் பட்டியல்

ரூட்டர் யாரை வீட்டு ஆள் என்று ஏற்கிறதோ, அவருக்குத்தான் அந்த வீட்டில் எந்நேரமும் கதவு திறக்கும், அடுப்பு எரியும், அழைப்பு வரும். தயாபரன் தன் மனைவி செவ்வந்தியைக் கல்யாணமான நாள் முதல் விருந்தாளிப் பட்டியலிலேயே வைத்திருந்தான். விருந்தாளிகளுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் இணைப்பு கிடையாது.

போன ஆனி மாதம் அவளுடைய அப்பா மூச்சுத் திணறிக் கிடந்த இரவில் அக்கா பதினேழு தடவை அழைத்தாள். ஒன்றுகூட உள்ளே வரவில்லை. காலையில் இணைப்பு திரும்பியபோது அப்பா இல்லை.

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்" என்றான் தயாபரன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை இடி விழுந்து ரூட்டர் கருகிப் போனது. மறுநாள் அவன் அலுவலகம் போயிருந்த நேரத்தில் புதியதைப் பொருத்த ஒரு பெண் வந்தாள்.

"வீட்டோட அட்மின் யாருக்கா?"

"நான்தான்" என்றாள் செவ்வந்தி.

"வேற யாரையாவது சேக்கணுமா?"

"என் வீட்டுக்காரர் இருக்கார். விருந்தாளின்னு போடும்மா."

மாலை ஆறரைக்கு வந்த தயாபரனிடம், "யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்?" என்று கதவு மரியாதையாகக் கேட்டது. எதிர்வீட்டில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவன் கதவை ஓங்கி ஓங்கித் தட்டினான்.

செவ்வந்தி ஜன்னலருகே வந்து நின்றாள்.

"எவ்வளவு நேரம்டி நான் இப்படியே நிக்கிறது?"

"தெரியலைங்க. நான் இன்னும் முடிவு பண்ணல" என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.