தையல் அறையில் திறந்த இணையதளம்

வெட்டு மேசையில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியைத் திறக்கிறான் இரத்ததானக் குழுத் தலைவரின் மருமகன். தையல்காரி வீட்டு முன்னறையில் குழுவினர் நெருக்கியடித்து நிற்க, திரையின் நீலம் எல்லார் முகத்திலும் படிகிறது. குழுவின் இணையதளத்தைக் கூலி கொடுத்துச் செய்வதா, இவனிடமே விட்டுவிடுவதா என்று மாதக்கணக்கில் இழுத்த பேச்சு ஒருவழியாக முடிந்துவிட்டது. "அவசரத்துக்கு யாரையும் தேடி அலைய வேணாம். நம்ம எல்லாரோட போட்டோ, ரத்த வகை, வீட்டு விலாசம், எல்லாத்தையும் போட்டாச்சு," என்கிறான். கைதட்டுகிறார்கள். தையல்காரி மட்டும் திரையில் தன் முகத்தையே பார்க்கிறாள். புருஷனுக்குப் பயந்து ஊரையும் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டு வந்தவள் அவள். "என்னோடத எடுத்துடுங்க தம்பி." "அடுத்த வாரம் பாத்துக்கலாம்க்கா. போன வாரத்துலேருந்தே ஓடிட்டிருக்கு, யாரும் ஒண்ணும் சொல்லலையே." "மாப்பிள்ளை சும்மா செஞ்சு குடுக்குறாரு, அதுலயும் நொட்டை சொல்றியேம்மா," என்று தலைவர் சிரிக்கிறார். வாசலில் ஒரு பைக் வந்து நிற்கிறது. இருமி இருமி அடங்கும் அந்த எஞ்சின் சத்தம் அவளுக்குத் தெரியும். அவள் கை துணிகளுக்கடியில் கத்தரிக்கோலைத் துழாவுகிறது. கதவு தட்டப்படுகிறது. "பாத்தீங்களா, நம்ம பக்கத்தப் பாத்துட்டு அதுக்குள்ள ஆள் வந்தாச்சு!" தலைவர் பூரிப்போடு தாழ்ப்பாளை நீக்கப் போகிறார்.