எட்டியனின் குரல்

“என் காதுல என் குரல் மட்டும்தான் கேக்கணும், லுங்கிலே. பின்னாடி இருந்து இவன் கத்துறது ஒரு துளி வந்தாலும் மேடையிலேயே கழட்டி வீசிடுவேன்!”

காதில் செருகியிருந்த சின்ன ஒலிக்கருவியைத் தட்டிக் காட்டினான் எட்டியன். ஒலி கலக்கும் மிக்ஸர் மேசைக்குப் பின்னால் இருந்த லுங்கிலே, வழக்கம்போல, “சரி பாஸ்” என்றான்.

‘இவன்’ என்றது தம்பி வெஸ்ஸலை. ‘மஞ்சள் மேடு’ இசைக்குழுவில் டிரம் அவன், பின்பாட்டும் அவன்தான். பாட்டும் கிட்டாரும் எட்டியன், பேஸ் கிட்டார் பள்ளித் தோழி போனோலோ. தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்ஸ் ஊரில், தங்கச் சுரங்கத்து மண்மேட்டைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கார் ஷெட்டில், பள்ளிக்கூட நாளில் மூவரும் ஆரம்பித்த குழு. ஒரு பாட்டு வானொலியில் ஓடியது. அதற்கப்புறம் கல்யாணம், ரக்பி கிளப், மதுக்கடை என்று பாடியே காலம் ஓடியது. எட்டியனுக்குத் தொண்டையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தபோது, இத்தோடு சரி என்றே ஊர் பேசியது.

ஆனால் இன்று அணைக்கரை இசைத் திருவிழாவில், பொழுது சாயும் நல்ல நேரம் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. கேப் டவுனிலிருந்து ஃபெரைரா என்ற பெரிய ஏஜெண்ட் கேட்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் நாடு முழுக்கச் சுற்றுப்பயணம். பிடிக்காவிட்டால் மறுபடி ரக்பி கிளப்.

லுங்கிலே ஒரு பிளாஸ்கைத் திறந்து வெஸ்ஸலிடம் நீட்டினான். தேன் கலந்த ரூய்போஸ் மூலிகை டீ.

“டிரம் அடிக்கிறவனுக்கு எதுக்குடா தொண்டைக்கு வைத்தியம்? கைக்கு எண்ணெய் தேச்சு விடு!” என்று சிரித்தான் எட்டியன்.

போனோலோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெஸ்ஸல் அவளைப் பார்த்த பார்வையில் அடங்கிக்கொண்டாள்.

பாட்டு பிரமாதமாகப் போனது. ஓரமாக இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட அடுப்பை அப்படியே போட்டுவிட்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். கடைசிப் பாட்டில் திடலே கூடப் பாடியது. எட்டியன் கண்ணை மூடி, கையை விரித்து நின்றான்.

மேடைக்குப் பின்னால் இருந்த கூடாரத்துக்குள் ஃபெரைரா நேராக எட்டியனிடம் வந்தார்.

“ஆபரேஷனுக்கு அப்புறம் பாடகனுக்குக் குரல் கரகரன்னு ஆயிடும்பாங்க. உங்களுக்கு அஞ்சு வயசு குறைஞ்ச மாதிரி இருக்கே!”

“பயிற்சி சார். வேற ஒண்ணுமில்ல.”

“வெள்ளிக்கிழமை டிவியில நேரலை. நீங்க, உங்க கிட்டார், அவ்வளவுதான். அந்தக் குரலுக்குக் குறுக்கே எதுவும் வரக் கூடாது.”

“அப்போ நாங்க?” என்றாள் போனோலோ.

“குழு வேணாம்மா. பாடகர் மட்டும் போதும்.”

எட்டியன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “எங்க சார் கையெழுத்துப் போடணும்?” என்றான்.

“அண்ணே, ஒரு நிமிஷம்.” வெஸ்ஸலின் குரல் கம்மிப்போயிருந்தது. “ஒருத்தரைக் கூப்பிட்டாலும் மூணு பேரும்தான் போவோம்னு கார் ஷெட்ல சொன்னோமே?”

“அப்போ எனக்கு மீசையே முளைக்கலைடா.”

“சரி, குழு வேணாம். என்னை மட்டும் கூட்டிட்டுப் போ. பின்பாட்டுக்கு. ஒரு மூலையில நிக்கிறேன். கேமராவுல என் நிழல்கூட விழாது.”

“பாத்தீங்களா சார், வயித்தெரிச்சலை! போன்ல எங்கம்மாவே எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திக் கூப்பிடுவாங்க. அதனால இவன் தன்னையும் பாடகன்னு நினைச்சுட்டான்.”

“வயித்தெரிச்சல் இல்லண்ணே. தனியாப் பாடாதே. உன் கால்ல விழுந்து கேக்குறேன்.”

எட்டியனின் முகம் மாறியது. “இத்தனை வருஷம் உன்னை முதுகுல சுமந்தது போதும். உன் இடத்துல ஒரு மெஷினை வெச்சிருந்தா தாளமும் தப்பாது, டீயும் கேக்காது.”

ஃபெரைரா பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். எட்டியன் கையெழுத்துப் போட்டான். காதிலிருந்த கருவிகளைப் பிடுங்கி லுங்கிலே பக்கம் எறிந்தான்.

“வெச்சுக்கோ. அங்க எனக்குப் புதுசு கொடுப்பாங்க.”

அவன் வெளியேறியதும் போனோலோ கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“கார் இன்னும் கிளம்பல. ஓடிப்போய்ச் சொல்லிடவா?”

வெஸ்ஸல் பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தான். வெளியே கார்க் கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் கேட்டது.

“வேணாம்,” என்றான். “வெள்ளிக்கிழமை ஊரே சொல்லும்.”

லுங்கிலே மிக்ஸரைத் துணி போட்டு மூடப் போனான். ‘எட்டியன்’ என்று எழுதி ஒட்டியிருந்த ஒலியளவுப் பொத்தான் வழக்கம்போல் அடிமட்டத்திலேயே கிடந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எட்டியன் பாடியதெல்லாம் எட்டியனின் காதுக்கு மட்டுமே போனது, திடல் கேட்ட குரல் டிரம்முக்குப் பின்னால் இருந்த வெஸ்ஸலுடையது.