இணை ஆய்வாளர்

எங்கள் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு நிதி யாருக்கு என்பதை இப்போதெல்லாம் கணினித் திரைதான் முடிவுசெய்து சொல்கிறது. பேராசிரியர் செண்பகவல்லிக்கு மூன்றாவது வருஷமும் அதே பதில்தான் வந்தது.

"மருந்து கிடைக்கப் பதினொரு வருஷமாகும். நீங்கள் நான்கு வருஷத்தில் ஓய்வு பெறுகிறீர்கள். கடைசி வரை இருக்கக்கூடிய இணை ஆய்வாளர் தேவை."

அவர் மருந்து தேடுவது தசை கரையும் ஓர் அபூர்வ நோய்க்கு; அதற்கு வேறெந்த டாக்டர் வரப்போகிறார்?

"இந்தா, இவ இருப்பா, போட்டுக்கோ!" என்று எரிச்சலில் எதிரே சக்கர நாற்காலியில் இருந்த நோயாளியின் பெயரையே தட்டினார். பெனிட்டா, எட்டாம் வகுப்பு.

திரை அவளுடைய மருத்துவக் கோப்பைத் திறந்தபோதுதான் செய்த தப்பு அவருக்கு உறைத்தது. அணைக்கக் கை நீட்டுவதற்குள் அது பேசிவிட்டது.

"இணை ஆய்வாளர் இன்னும் பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருப்பார். நிதி அனுமதிக்கப்பட்டது."

அந்தக் கணக்கை அதுவரை யாரும் பெனிட்டாவிடம் சொன்னதில்லை. டாக்டரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெனிட்டா விரல்விட்டு எண்ணினாள்.

"ஒரு வருஷம் மிச்சம் இருக்கே, டாக்டர்," என்றாள். "நீங்க மட்டும் லேட் பண்ணிராதீங்க."