மணி சொல்லும் குரல்

ஏலாக்குறிச்சிப் பள்ளி ஆசிரியர் செபஸ்டின், தானே செய்த டிஜிட்டல் கடிகாரத்தில் மெமரி கார்டும் சின்ன ஸ்பீக்கரும் பொருத்தி, நேரம் சொல்ல மனைவி அமுதாவின் குரலைப் பதிவு செய்தார்.

சாயங்காலம் அது "மணி நாலு" என்றது. பின்னாலேயே ஒரு மழலைக் குரல், "மணி நாயு" என்றது.

அவர்களுடைய ஒரே மகள் பிறந்த அன்றே இறந்துபோயிருந்தாள்.

செபஸ்டின் கார்டைக் கழற்றப் போனார்.

"வுட்டுருங்க. அது பாட்டுக்குச் சொல்லட்டும்" என்றாள் அமுதா.

மாதங்கள் போகப்போக மழலை திருந்தியது. "நாலு" தெளிவாக வந்தது.

ஒருநாள் கரண்ட் போய்க் கடிகாரம் அணைந்துவிட்டது. பொழுது சாயும் நேரம்.

"அம்மா, மணி என்னம்மா?" என்று கடிகாரம் இருந்த அறையிலிருந்து அதே குரல் கேட்டது.

அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அமுதா தலை நிமிராமல், "ஆறாவப் போவுது, தங்கம்" என்றாள்.

செபஸ்டின் எழுந்து, ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி அந்த அறையில் வைத்துவிட்டு வந்தார்.